என் ஃபோல்டர் எனக்கே திறக்காமல் போன அந்த 19-ஆம் தேதி

ஜவுளிக்கடை அண்ணாச்சி போனில் சத்தம் போடவில்லை. "ஏம்மா, என் கடை யாவாரம் எவ்வளவுன்னு டீக்கடையில பேசுதாங்க. எப்படிம்மா வெளிய போச்சு?" என்று மட்டும் கேட்டார். சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பாளையங்கோட்டையில் வீட்டிலிருந்தே ஏழு சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். ஹாலில் இருக்கும் ஒரே விண்டோஸ் கம்ப்யூட்டரில்தான் எல்லாமே. வீட்டுக்காரர் பேங்க் வேலை பார்ப்பதும் அதில்தான், பத்தாவது படிக்கும் மகன் படிப்பதும் அதில்தான், காலேஜ் படிக்கும் கொழுந்தன் ப்ராஜெக்ட் செய்வதும் அதில்தான். எல்லோருக்கும் ஒரே லாகின், ஒரே பாஸ்வேர்டு. கொழுந்தன் தன் ஃபைலைத் தேடும்போது அண்ணாச்சியின் விற்பனைக் கணக்கைத் திறந்திருக்கிறான். பார்த்த தொகையை நண்பர்களிடம் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டான். அவனுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. ஆனால் அந்த ஃபோல்டரில் ஏழு பேருடைய பான், ஆதார் நகல், பேங்க் ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி லாகின் விவரம் வரை இருக்கிறது. என்னை நம்பிக் கொடுத்தவை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதலில் ஃபோல்டரை மறைத்து வைத்தேன். வியூ மெனுவில் ஒரு டிக் போட்டால் அது திரும்பத் தெரியும் என்பது மகனுக்கு எனக்கு முன்பே தெரிந்திருந்தது. அடுத்து, ஃபோல்டருக்குப் பூட்டு போடும் இலவச மென்பொருள் ஒன்றை இறக்கினேன். விண்டோஸை அத்தியாவசியமானவற்றோடு மட்டும் கிளப்பும் சேஃப் மோடில் போய்ப் பார்த்தால் ஃபோல்டர் சும்மா திறந்து கிடந்தது. இந்த மாதிரி மென்பொருளை நம்பி அடுத்தவர் ஆவணங்களை வைக்காதீர்கள்.

மூன்றாவதாகத்தான் வீட்டுக்காரருக்கும் மகனுக்கும் கொழுந்தனுக்கும் தனித்தனி யூசர் அக்கவுண்ட் போட்டேன். இதில் சிரமம் ஏதுமில்லை, பத்து நிமிட வேலை. ஆனால் கொழுந்தன் தன் அக்கவுண்டில் போய்ப் பார்த்துவிட்டு, "மதினி, டி டிரைவ்ல உங்க ஃபோல்டர் இங்கயும் தெறக்குதே" என்றான். அப்போதுதான் விஷயம் புரிந்தது. தனி அக்கவுண்ட் போட்டால், சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவரவர் பெயரில் இருக்கும் டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இவைதான் மற்றவர்களிடமிருந்து தனியாகும். டி டிரைவுக்கு அந்தக் காவல் கிடையாது. சாதாரணமாக அங்கே யார் லாகின் செய்தாலும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். நாம் எல்லோரும் சி டிரைவ் நிறைந்துவிடும் என்று டி டிரைவில்தானே கொண்டுபோய்க் கொட்டுகிறோம்?

சரி என்று ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், செக்யூரிட்டி என்று போனேன். பட்டியலில் 'யூசர்ஸ்' என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் உள்ள மற்றவர்கள்தான் அது என்று நினைத்து, 'டினை', அதாவது அனுமதியை மறுக்கும் பக்கத்தில் முழு அனுமதிக்கும் டிக் வைத்தேன். மறுக்கும் விதி மற்ற எல்லா அனுமதியையும் மீறும் என்று ஒரு எச்சரிக்கை வந்தது. அதுதானே நமக்கு வேண்டும் என்று 'யெஸ்' கொடுத்தேன். பச்சைக்கோடு மெதுவாக ஓடி முடிந்தது. ஃபோல்டரை டபுள் கிளிக் செய்தேன். அனுமதி இல்லை என்று எனக்கே பதில் வந்தது.

தேதி 19. மறுநாள் மூன்று கடைகளுக்கு ஜிஎஸ்டிஆர் 3பி என்ற ஜிஎஸ்டி கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்தாக வேண்டும். தவறினால் கடைக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வட்டி தனி. பணத்தைவிட, அண்ணாச்சியிடம் ஏற்கெனவே தலை குனிந்து நிற்கும் நேரத்தில் இன்னொரு காரணம் சொல்ல வேண்டுமே என்றுதான் எனக்குப் பதறியது.

சிபியுவைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் வைத்து ஒரு சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனேன். பார்த்த பையன் இரண்டு நிமிடம்கூட நோண்டவில்லை. "கரப்ட் ஆயிருக்குக்கா. ஃபார்மேட் பண்ணி ரெக்கவரி போடணும். வச்சிட்டுப் போங்க, மூணு நாள் ஆகும்" என்றான். அதில் அடுத்தவர்களுடைய ஆவணங்கள் இருக்கின்றன, என் கண் முன்னால் செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றான். திரும்பத் துண்டில் சுற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். போக வர ஆட்டோவுக்கு 240 ரூபாய், பாதி நாள் போச்சு. ஆனால் அன்று அதை அங்கே வைத்துவிட்டு வராததுதான் நான் எடுத்த ஒரே சரியான முடிவு. எதுவும் கரப்ட் ஆகவில்லை. ஒரு டிக் மட்டும்தான் தப்பான இடத்தில் இருந்தது.

'யூசர்ஸ்' என்பது மற்றவர்கள் அல்ல. அந்தக் கம்ப்யூட்டரில் லாகின் செய்யும் அத்தனை பேரும் அதில் அடக்கம், எல்லாவற்றையும் மாற்றும் அதிகாரமுள்ள அட்மினாக இருக்கும் நானும்தான். 'எவ்ரிஒன்' என்று இருந்தாலும் இதே கதைதான். ஆனால் ஒரு ஃபோல்டருக்கு ஓனர் யாரோ அவருக்கு, எல்லாக் கதவும் சாத்தினாலும், அனுமதிப் பட்டியலை மாற்றும் உரிமை மட்டும் போகாது. அதே செக்யூரிட்டியில் அட்வான்ஸ்டுக்குள் போய் அந்த டினை வரியை எடுத்தேன். பெரும்பாலான ஃபைல்கள் திறந்துவிட்டன.

ஒரு ஃபோல்டர் மட்டும் அடம்பிடித்தது. பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வந்தது அது. ஓனர் என்ற இடத்தில் பெயரே இல்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கி நீளமாக ஒரு எண். பழைய கம்ப்யூட்டரில் இருந்த அக்கவுண்டின் அடையாளம் அது. இந்தக் கம்ப்யூட்டருக்கு அது யாரென்று தெரியாது. அங்கே 'சேஞ்ச்' கொடுத்து என் பெயரை ஓனராக்கி, உள்ளே இருப்பவற்றுக்கும் ஓனரை மாற்று என்ற டிக்கையும் வைத்தேன். பதினான்காயிரத்துச் சொச்சம் ஃபைல், இருபத்தைந்து நிமிடம் ஓடியது. நடுவில் கேன்சல் மட்டும் அழுத்திவிடாதீர்கள், பாதி ஒரு மாதிரியும் மீதி வேறு மாதிரியும் நின்றுவிடும். இரவு பதினொன்றரைக்குக் கடைசி ஃபைல் திறந்தது. மறுநாள் மதியத்துக்குள் மூன்று கடைக்கும் தாக்கல் முடித்தேன்.

அப்புறம் சரியான முறையில் செய்தேன். டினை பக்கமே போக வேண்டாம். பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு அனுமதியும் இல்லை, அவ்வளவுதான் கணக்கு. அட்வான்ஸ்டில் 'டிஸேபிள் இன்ஹெரிட்டன்ஸ்' கொடுத்தால், அதாவது மேல் ஃபோல்டரிலிருந்து தானாக வரும் அனுமதிகளை நிறுத்தினால், இரண்டு வழி கேட்கும். இருப்பவற்றை அப்படியே நேரடி அனுமதியாக மாற்றும் முதல் வழியை எடுங்கள். பிறகு 'யூசர்ஸ்', 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' இரண்டையும் நீக்கிவிட்டு, உங்கள் பெயரை முழு அனுமதியோடு சேர்த்து வையுங்கள். 'சிஸ்டம்' வரியைத் தொடாதீர்கள், பேக்கப்புக்கும் வைரஸ் ஸ்கேனுக்கும் அது வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகு ஒருநாள் அந்தப் பட்டியலில் வீட்டுக்காரர் பெயர் முளைத்திருந்தது. நான் சேர்க்கவில்லை. கேட்டால், "உனக்குத் திறக்க அனுமதி இல்லை, நிரந்தரமா வேணும்னா கன்டினியூ அழுத்துன்னு வந்துச்சு, அழுத்தினேன்" என்றார். அவர் அக்கவுண்டும் அட்மின். அட்மினுக்கு எந்தப் பூட்டும் ஒரு கன்டினியூ தூரம்தான். வீட்டில் எல்லோரையும் அட்மினாக வைத்துக்கொண்டு ஃபோல்டருக்குப் பூட்டு போடுவதில் பலனே இல்லை.

அவரை சாதாரண யூசராக மாற்ற வேண்டும் என்று சொன்னதும்தான் வீட்டில் பேச்சு வந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான், "வீட்டுக்குள்ளயே பூட்டு போடுதியேம்மா, எங்ககிட்ட என்னத்த மறைக்க?" என்றார்கள். பதில் சொல்ல வரவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு அண்ணாச்சியின் ஆதார் நகலைத் திரையில் காட்டி, "இது நம்ம வீட்டுச் சாமான் இல்ல அத்தை. அவுக நம்மகிட்ட அடகு வச்ச நகை மாதிரி" என்றேன். அத்தை கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள். மறுபேச்சு பேசவில்லை. அன்று மாலையே வீட்டுக்காரர் அக்கவுண்டை மாற்றினேன். இப்போது அவர் ஏதாவது இன்ஸ்டால் செய்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், நான் வந்து போட்டுக் கொடுக்கிறேன்.

இன்னும் சில இடங்களில் அடி வாங்கினேன், நீங்களும் வாங்க வேண்டாம். பாஸ்வேர்டு மறந்தால் என்று விண்டோஸ் மூன்று கேள்வி கேட்டு வைத்துக்கொள்ளும்: பிறந்த ஊர், முதலில் வளர்த்த பிராணியின் பெயர், இப்படி. வீட்டிலிருப்பவர்களுக்கு எல்லாப் பதிலும் தெரியும். கொழுந்தன் என் கண் முன்னாலேயே லாகின் திரையில் மூன்றையும் சரியாகச் சொல்லிக் காட்டினான். உண்மையான பதிலைத்தான் போட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சம்பந்தமே இல்லாத பதிலைப் போட்டு டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

கணக்கு மென்பொருள் தன் டேட்டாவை எங்கே வைக்கிறது என்றும் பாருங்கள். என்னுடையது 'பப்ளிக்' ஃபோல்டருக்குள் வைத்திருந்தது, பெயருக்கேற்றபடி எல்லோருக்கும் பொதுவான இடம். நான் எக்ஸெல் ஃபைல்களைக் காத்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் அசல் கணக்கு அங்கே திறந்து கிடந்திருக்கிறது. மென்பொருளின் செட்டிங்கில் போய் இடத்தை மாற்றினேன்.

ரேஷன் கார்டு ஸ்கேனை என் ஃபோல்டரிலிருந்து பொது ஃபோல்டருக்கு கட்-பேஸ்ட் செய்தேன், வீட்டுக்காரருக்குத் திறக்கவில்லை. ஒரே டிரைவுக்குள் நகர்த்தினால் ஃபைல் பழைய அனுமதியோடேயே போகும். காப்பி-பேஸ்ட் செய்தால் புது இடத்தின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதை காப்பி செய்தே கொடுங்கள்.

பென்டிரைவில் இதெல்லாம் செல்லாது. கடைகளில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் அமைப்பில் இருக்கும், அதில் செக்யூரிட்டி டேப்பே வராது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறு இயங்குதளம் போட்ட பென்டிரைவிலிருந்து கிளப்பினாலும் இந்த அனுமதிகள் தடுக்காது. ஃபைலையே மறைகுறியாக்கும் 'என்கிரிப்ட்' வசதி விண்டோஸ் ஹோம் பதிப்பில் மங்கிப்போய் நிற்கும், அழுத்த வராது. எங்கள் வீட்டில் இருப்பது ஹோம். அதனால் ஆதார், பான் நகல்களை மட்டும் ஃபைல்களைச் சுருக்கிக் கட்டும் செவன்-ஜிப் மென்பொருளில் பாஸ்வேர்டு போட்டு, ஃபைல் பெயர்களையும் மறைக்கும் டிக்கோடு கட்டி வைத்துவிட்டேன். பென்டிரைவுக்குப் போவதும் அந்தக் கட்டு மட்டும்தான்.

எழுந்து அடுப்படிக்குப் போகும் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் கீயும் எல்-உம் சேர்த்து அழுத்திவிடுகிறேன். இது கை பழக ஒரு வாரம் ஆனது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மகன் அக்கவுண்டில் லாகின் செய்து நானே திறந்து பார்க்கிறேன். திறக்கவில்லை என்று வந்தால்தான் நிம்மதி.

அண்ணாச்சி வீட்டுக்கு நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். கொழுந்தனும் கூட வந்து மன்னிப்புக் கேட்டான். கணக்கை அவர் என்னிடமிருந்து எடுக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கம்ப்யூட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு போட்டுத் தா" என்றார்கள். போட்டுக் கொடுத்தேன். மாமா போட்டோக்களை அதில் ஏற்றித் தந்திருக்கிறேன். நாலு எண் பின் போடும்போது கையால் மறைத்துக்கொண்டு, என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்கள்.