ரம்மி ஆப்பை மூடிவிட்டார்கள், கடன் அப்படியே இருக்கிறது: தம்பியோடு அலைந்த கதை

2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டு, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நிறுத்தியபோது எங்கள் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். தம்பியின் ரம்மி ஆப்பில் பணம் போடும் வழியே அடைபட்டுப் போனது உண்மைதான். கொஞ்ச நாளில் டெலிகிராமில் வந்த ஏதோ ஒரு இணைப்பில் ஆடிக்கொண்டிருந்தான். அதற்கு முன்னால், தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக் கூடாது என்று விதி வந்தபோது, 5 மணிக்கு அலாரம் வைத்து எழுந்தவன் அவன். சட்டம் வந்துவிட்டது, இனி தானாகச் சரியாகிவிடும் என்று யாராவது காத்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இதை அவனிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அலைந்ததில் பாதி நான், பாதி அவன்.

ஒரு ராத்திரி அவன் பேச்சு போன போக்கு பயமாக இருந்தது. 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு அடித்தேன். இலவசம், எந்த நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசினார்கள். அவனிடம் நேராகப் பேசி, காலையில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். இந்த முழுக் கதையிலும் ஒரு சிக்கலும் இல்லாமல் நடந்தது இது ஒன்றுதான்.

மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் இருந்தவர், பின்னால் வரிசை நிற்கிறது என்றுகூடப் பார்க்காமல், "குடியா, கஞ்சாவா?" என்றார். "ரெண்டும் இல்லைங்க, ஆன்லைன் ரம்மி" என்றேன். "ரம்மிக்கெல்லாம் இங்க சீட்டு தர மாட்டோம்மா" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி திரும்பிப் பார்க்காமல் பைக் நிற்கும் இடத்துக்கு நடந்தான். அவனை மறுபடி அங்கே அழைத்துவருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. அடுத்த முறை அந்த வார்த்தையையே எடுக்கவில்லை. "மனநல டாக்டரைப் பார்க்கணும், தூக்கம் இல்லை" என்றதும் சீட்டு வந்துவிட்டது. நீங்களும் அப்படியே சொல்லுங்கள். விவரத்தை டாக்டரிடம் சொன்னால் போதும்.

டாக்டர் சிரிக்கவில்லை. இது நோய்தான், நோய்ப் பட்டியலில் இதற்கு எண்ணே இருக்கிறது என்று சீட்டில் எஃப் 63.0 என்று எழுதினார். நால்ட்ரெக்ஸோன் மாத்திரை கொடுத்தார். குடியை நிறுத்த வருகிறவர்களுக்கும் அதைத்தான் கொடுப்பார்களாம். அப்படிப் பார்த்தால் சீட்டு போடுகிறவர் கேட்ட கேள்வி அவ்வளவு தப்பில்லை, கேட்ட விதம்தான். அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், நகல் எடுத்து வையுங்கள். பின்னால் கடன் கொடுத்தவர்களுக்கு எழுதிய ஒவ்வொரு கடிதத்தோடும் அதை இணைத்தோம். "ஏமாற்றுகிறான்" என்ற பேச்சு அதற்கப்புறம் குறைந்தது.

டாக்டர் சொன்ன இன்னொன்று: கடனை மொத்தமாக அடைத்துக் கொடுக்காதீர்கள். எங்கள் அம்மா அதற்கு முன்பே ஒரு முறை வளையலை அடகு வைத்து கிரெடிட் கார்டை முழுசாக அடைத்திருந்தார். அடைத்த அன்றைக்கே கார்டின் லிமிட் திரும்பி வந்தது. அந்த மாதமே அதுவும் காலி. பணம் கட்டுவது அப்புறம், முதலில் பணம் போகும் வழிகளை அடைக்க வேண்டும். கார்டை பிளாக் செய்தோம். போனிலிருந்து யுபிஐயை நீக்கினோம். பட்டன் போன் வாங்கிக் கொடுத்தோம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் வாங்கிக்கொண்டான்.

கடன் எவ்வளவு என்று அவன் வாயால் சொன்னதை நம்பி ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தோம். அது வெறும் முன்னுரை. யார் எங்கே கடன் வாங்கினார்கள் என்று பதிந்து வைக்கும் சிபில், எக்ஸ்பீரியன் போன்ற நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாக முழு ரிப்போர்ட் தர வேண்டும். அதை எடுத்தபோதுதான் "அப்புறம் கட்டலாம்" வகைச் சின்னச் சின்னக் கடன்கள் எல்லாம் கேள்விப்படாத கம்பெனிப் பெயர்களில் வரிசையாக வந்தன. ஆப்பின் பெயர் ஒன்று, உண்மையில் கடன் கொடுத்த கம்பெனி வேறு. யாருக்கு எழுதுவது என்று தெரிந்துகொள்ளவே இந்த ரிப்போர்ட் வேண்டும்.

எதை முதலில் பார்ப்பது என்பதில் எங்கள் வீட்டில் சண்டை. எவன் அதிகம் கத்துகிறானோ அவனுக்கு முதலில் கட்டிவிடத் தோன்றும். கூடாது. அம்மாவின் வளையலுக்கு ஏல நோட்டீஸ் வந்திருந்தது, அதைத்தான் முதலில் கட்டினோம். கத்தியவர்களிடம் இருந்தது வெறும் போன் நம்பர்.

அடுத்து சம்பளக் கணக்கு. கார்டும் சம்பளமும் ஒரே வங்கி. சம்பளம் விழுந்த காலையிலேயே கணக்கில் 'லியன்' போட்டு, அதாவது பணத்தை எடுக்க முடியாதபடி பிடித்து, நிறுத்திவிட்டார்கள். கிளைக்குப் போனேன். "கணக்குக்காரர்தான் வரணும்" என்றார்கள். நியாயம். அவனை லீவு போடச் சொல்லி அழைத்துப் போனேன். அதே நாற்காலி, அதே அம்மணி: "கார்டு எங்க பிரிவு இல்லை சார், டோல்ஃப்ரீக்கு அடிங்க." இதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கலாம், ஒரு நாள் சம்பளம் மிஞ்சியிருக்கும். ஒரே வங்கியில் கார்டும் சம்பளமும் வைத்திருப்பவர்கள், தவணை தவறும் முன்பே சம்பளத்தை வேறு வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.

வசூல் ஆட்கள் காலை ஆறரைக்கெல்லாம் அடித்தார்கள். அவன் ஆபீசுக்கும் அடித்தார்கள். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைப் போனில் சொன்னால் சிரிப்பார்கள். அழைப்பு வந்த நேரங்கள், எண்கள், ஒலிப்பதிவு எல்லாவற்றையும் சேர்த்து அந்தக் கம்பெனியின் குறைதீர் அலுவலருக்கு மெயில் போட்டேன். அவர் பெயரும் முகவரியும் அவர்கள் இணையதளத்திலேயே இருக்க வேண்டும். அந்த வாரமே ஆறரை மணி அழைப்பு நின்றது. அன்று எனக்கு இருந்த சந்தோஷம், ஏதோ கேஸ் ஜெயித்த மாதிரி.

உரிமமே இல்லாத ஒரு ஆப் மட்டும் வேறு ரகம். போனில் இருந்த எல்லா எண்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, தம்பி படத்தை வெட்டி ஒட்டி எங்கள் சித்தப்பா வரைக்கும் அனுப்பினார்கள். கடன் ஆப்கள் போனில் இருக்கும் தொடர்பு எண்களைத் தொடவே கூடாது. ஸ்டேஷனில், "வாங்கினா கட்ட வேண்டியதுதானே" என்று முதலில் ஒரு உபதேசம். புகாரை வாங்கி வைத்துக்கொண்டு "போங்க, பார்க்கிறோம்" என்றார்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தால்தான் போவேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கொடுத்தார்கள். சைபர் கிரைம் இணையதளத்திலும் அன்றே புகாரைப் பதிந்தேன். அனுமதி உள்ள கடன் ஆப்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் தளத்தில் இப்போது இருக்கிறது. அதில் அந்தப் பெயர் இல்லை என்பதையும் படம் எடுத்து இணைத்தேன்.

இதற்கு நடுவில் அறிவுரை. மாமா, "மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துடலாம், எல்லாக் கடனும் போயிடும்" என்றார். வக்கீலிடம் கேட்டோம். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதி எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை, 1920-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில்தான் போக வேண்டும், இழுக்கும் என்றார். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகச் சொன்னதும் அவர்தான். யூடியூபில் விளம்பரம் பார்த்து ஒரு "கடன் தீர்வு" கம்பெனிக்கும் பேசினேன். தவணை கட்டுவதை நிறுத்திவிட்டு எங்களுக்கு மாதாமாதம் கட்டணம் கட்டுங்கள் என்றார்கள். ஏற்கெனவே இருக்கிற கடன்காரர்கள் போதாதா?

தனிநபர் கடன், அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் முடிந்தது. கட்டணம் கிடையாது. வழக்கு போடும் முன்பே அங்கே பேசிக்கொள்ளலாம். வட்டியிலும் அபராதத்திலும் நல்ல பகுதி போனது, மீதிக்குத் தவணை. அங்கே போடும் உத்தரவு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. அதனால் கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிடாதீர்கள். எங்களுக்கு முன்னால் இருந்தவர் அப்படி ஆட்டிவிட்டு வெளியே வந்து அழுதார். எங்கள் தெருவில் தண்டல் கொடுத்தவர் ஒரு கோர்ட்டும் இல்லாமல், "அசலை மட்டும் கொடுத்துடு தம்பி" என்று முடித்துக்கொண்டார். அவரைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம் வேறு.

கார்டில்தான் இன்னும் இழுபறி. வசூல் ஆள் ஒரு தொகை சொல்லி, "இன்னைக்கே என் நம்பருக்குப் போடுங்க, முடிச்சுடலாம்" என்றார். வங்கியின் லெட்டர்ஹெட்டில் கடிதம் வராமல் ஒரு ரூபாய்கூட இல்லை என்றேன். வந்தால் பணம் கார்டுக் கணக்குக்குத்தான், ஆளுடைய எண்ணுக்கு இல்லை. கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். குறைத்துக் கட்டினால் ரிப்போர்ட்டில் 'செட்டில்டு' என்று விழும், 'குளோஸ்டு' என்று விழாது. அடுத்து எங்கே கடன் கேட்டாலும் அது கண்ணில் படும். தம்பியைப் பொறுத்தவரை, இன்னும் சில வருஷம் அவனுக்கு யாரும் கடன் கொடுக்காமல் இருப்பதே எங்களுக்கு நல்லது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம்.

அந்த வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், ஆன்லைனிலேயே மனு போட முடியும். மெயில்கள், அழைப்புப் பட்டியல், டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆக்கி ஒரே ஃபோல்டரில் வைத்துவிட்டேன். கெடு வரும் வெள்ளிக்கிழமை.