கார் பிரேக்ல உள்பக்க பேடை கழட்டிப் பாக்காம விடாதீங்க

போன மாசம் கோத்தகிரியிலருந்து மேட்டுப்பாளையம் இறங்கிட்டிருந்தோம், செகண்ட் கியர்ல தான் வந்தேன், ஆனா வளைவுல பிரேக்க தொட்டா முன்பக்கம் லெஃப்ட் வீல்ல கீச்சுனு ஒரு சத்தம். வீலோட சேந்து சுத்துற டிஸ்க்க ரெண்டு பக்கமும் அழுத்திப் புடிக்கிறது தான் பிரேக் பேட், நிறைய பேட்ல ஒரு சின்ன தகடு வச்சிருப்பாங்க, பேட் தேஞ்சதும் அது டிஸ்க்ல உரசி இப்படித்தான் கத்தும். ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி தான் வீல் இடுக்கு வழியா எட்டிப் பாத்தேன், பேட்ல 5 மில்லிமீட்டர் நல்லாவே இருந்துச்சு, அதான் குழப்பம்.

ஞாயித்துக்கிழமை வீட்டு வாசல்லயே கழட்டிட்டேன். பின் வீலுக்கு கல்லு வச்சு, நட்டையெல்லாம் வண்டி தரையில இருக்கும்போதே லூஸ் பண்ணிட்டு, ஜாக்கி போட்டு ஸ்டாண்டும் குடுத்தேன், வெறும் ஜாக்கிய நம்பி யாரும் கைய உள்ள விடாதீங்க ப்ளீஸ். பேட்ங்கள புடிச்சிருக்கற காலிப்பர கழட்டி கம்பியில கட்டித் தொங்கவிட்டேன், பிரேக் ஹோஸ்ல வெயிட் விழக்கூடாது. வெளிப்பக்க பேட் நான் பாத்த மாதிரியே 5, உள்பக்க பேட்ல 2 மில்லிமீட்டர் கூட இல்ல!

பக்கத்து வீட்டு அண்ணன் முப்பது வருஷமா ஒர்க்‌ஷாப் வேலை பாக்குறவர், பாத்த உடனே கேட்டார், "ஸ்லைடர் பின்ன உருவிப் பாத்தீங்களா தம்பி?" காலிப்பர் வழுக்கி நகர்றதுக்கு இருக்கற கம்பி தான் அந்த பின், மேல் பின் அசையவே இல்ல. அத மூடியிருக்கற ரப்பர் உறை, அதான் பூட், கிழிஞ்சு தண்ணி போயி கிரீஸ் காஞ்சு துரு புடிச்சிருக்கு. பிரேக்க அமுக்குனா காலிப்பருக்குள்ள இருக்கற பிஸ்டன் தள்ளுறது உள் பேடைத்தான், அப்புறம் காலிப்பர் அந்த பின் மேல நகர்ந்து வெளி பேட இழுத்துப் புடிக்கணும், பின் இறுகிப்போனா மொத்த பாரமும் உள் பேட் தலையில தான் விழும். பேட மட்டும் மாத்திட்டு மூடியிருந்தா புதுசும் இதே மாதிரி தான் தேஞ்சிருக்கும்.

அந்த பின்ன சுத்தம் பண்ணி, புது பூட் மாட்டி சிலிகான் கிரீஸ் வச்சேன், சாதா கிரீஸ் வச்சா ரப்பர் ஊதிரும். தடிமனான புது பேட் உள்ள போக எடம் வேணும்னு, பிரேக் ஆயில் டப்பா மூடிய தொறந்துட்டு, பழைய பேட பிஸ்டன் மேல வச்சு திருகி இறுக்குற சி கிளாம்ப்ல மெதுவா உள்ள தள்ளினேன், ஆயில் மேல ஏறும், பெயிண்ட்ல சிந்துனா அரிச்சிரும், உடனே தண்ணி ஊத்துங்க. ரைட் சைடும் அதே வேலை, பேட் எப்பவும் ரெண்டு பக்கமும் சேத்துத் தான் மாத்தணும்.

ரொம்ப முக்கியம், வண்டிய நகர்த்துறதுக்கு முன்னாடி பெடல நல்லா இறுகுற வரைக்கும் அமுக்கிட்டே இருங்க. பிஸ்டன் உள்ள போயிருக்கறதால முதல் அமுக்குல கால் அப்படியே கீழ போயிரும், பிரேக்கே இருக்காது, இத மறந்துட்டு கேட்ட விட்டு வெளிய எடுத்தா என்ன ஆகும்னு நெனச்சாலே பயமா இருக்கு.

அப்புறம் புது பேட் டிஸ்க்ல நல்லா படியறதுக்கு ஆளில்லாத ரோட்ல 50ல போயி மெதுவா 15க்கு கொறச்சு, நடுவுல ஆறவிட்டு ஏழெட்டு தடவ பண்ணேன். வந்து நிறுத்தி ரெண்டு முன் வீல் கிட்டயும் கைய கொண்டு போனேன், சூடு ரெண்டுலயும் ஒரே மாதிரி தான் இருந்துச்சு.