கொடியா, கொடியின் ஓவியமா? கலை வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த விதம்

அன்றாடப் பொருள்கள் நவீனக் கலைக்குள் எப்படி வந்தன என்ற கேள்விக்குப் பலர் எழுதும் விடை 1917இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்ப் காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்த் தொட்டியில் தொடங்கும். அடுத்து ஒரே தாவலாக 1962இல் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் வரைந்த 32 காம்பெல் நிறுவனச் சூப் டப்பாக்களுக்குப் போய்விடும். நான் இடையில் இருக்கும் ஒரு படத்தை முதலில் பிடித்துக்கொண்டேன்: அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸ் தம் நாட்டுக் கொடியை வரைந்த 'கொடி' (1954–55). அது பிடிபட்டால் மற்ற இரண்டும் சுலபம்.

கொடிக்கு என்ன அர்த்தம் என்று உடனே தேடாதீர்கள். படம் எதனால் ஆனது என்று பாருங்கள். செய்தித்தாள் துண்டுகளை ஒட்டி, நிறம் கலந்த சூடான மெழுகால் வரைந்திருக்கிறார். மெழுகு சட்டென்று இறுகிவிடும். அதனால் ஒரு தீற்றல் அடுத்ததோடு கலக்காமல் தனித்தனியாக நிற்கும். அடியில் அச்செழுத்துகூடத் தெரியும். அப்போது நியூயார்க்கில் கோலோச்சிய அரூப வெளிப்பாட்டுவாதிகள் என்ற ஓவியர் குழுவுக்குத் தூரிகைத் தீற்றல் என்பது ஓவியரின் உள்ளக் கொந்தளிப்பு. ஜான்ஸ் தீற்றலை வைத்துக்கொண்டார், கொந்தளிப்பை விட்டுவிட்டார். 13 பட்டைகள், 48 நட்சத்திரங்கள் என எல்லாம் யாரோ முன்பே முடிவு செய்தவை. (அலாஸ்காவும் ஹவாயும் மாநிலங்களாவதற்கு முந்தைய கொடி அது. சிறு வினாவுக்கு உதவும்.)

இன்னொன்று, கொடி படத்தின் விளிம்புவரை நிறைந்திருக்கிறது. பின்னால் வானமில்லை, கம்பமில்லை. கொடியும் தட்டை, ஓவியப் பரப்பும் தட்டை. அப்படியென்றால் நாம் பார்ப்பது கொடியா, கொடியின் ஓவியமா? இந்தக் கேள்வியை விடையில் எழுப்பாமல் விடாதீர்கள். என் கணிப்பில் இந்தப் படத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ஒப்பீடு. துஷாம்ப் கடைப்பொருளை அப்படியே எடுத்தார். ஜான்ஸ் தெரிந்த பொருளைக் கையால் மறுபடி செய்தார். 1960இல் இரண்டு பீர் டப்பாக்களை வெண்கலத்தில் வார்த்து, லேபிளைக் கையாலேயே தீட்டினார். வார்ஹோலும் அந்தச் சூப் டப்பாக்களைக் கையால்தான் வரைந்தார், ஆனால் இயந்திரம் அச்சடித்ததுபோலத் தெரிய வேண்டும் என்று வரைந்தார். 'சாதாரணப் பொருளைக் கலையாக உயர்த்தினார்' என்ற ஒற்றை வரியை மூவருக்கும் பொதுவாக எழுதினால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

பாடநூலின் சின்னப் படத்தில் மெழுகும் செய்தித்தாளும் தெரியாது. 'கொடி' இருக்கும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுக் குறிப்பெடுங்கள்.