பகல்ல புள்ளைய யாரு பாக்குறா?

1996-ல கிராம சுகாதார செவிலியரா வேலைக்கு சேந்தேன், 26 வருஷம் விருதுநகர் மாவட்டத்து கிராமங்கள்லயே சுத்திட்டு ரிட்டயர் ஆகிட்டேன். அந்த நீளமான பேர ஊர்ல யாரும் சொன்னதில்ல, நர்சம்மா அவ்ளோதான். ஊசி போடுறவன்னு நினைச்சிப்பாங்க. ஆனா ஊசி போட்டத விட புள்ளைகள தராசுல தொங்கவிட்டதுதான் ஜாஸ்தி. கடிகாரம் மாதிரி வட்டத் தராசு, அங்கன்வாடி உத்தரத்துல கயிறு போட்டு மாட்டி, ஜட்டி மாதிரி தச்ச துணிக்குள்ள புள்ளையோட கால நுழைச்சு விட்டா அது ஊரே கூடுற மாதிரி கத்தும், முள்ளு ஆடிக்கிட்டே இருக்கும், கத்துறத நிறுத்தி மூச்சு வாங்குற அந்த ஒரு செகண்ட்ல படிச்சாத்தான் உண்டு. அதுக்குள்ள ஏதாவது ஒரு கிழவி “எடை போட்டா கண்ணு பட்டு புள்ள இளைச்சிரும்”னு ஆரம்பிச்சிரும்.

என் மொத ஊர் பால்வாடி டீச்சர் எனக்கு மூத்தவங்க. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்து திட்டம்னு ஒண்ணு இருந்துச்சு, உலக வங்கி கடன்ல 1980-ல மதுரை பக்கம் கொட்டாம்பட்டி ஒன்றியத்துல ஆரம்பிச்சது, அக்கா அதுல வேலை கத்துக்கிட்டவங்க. அந்த திட்டத்துல எல்லா புள்ளைக்கும் சத்துணவு கிடையாது. மாசாமாசம் எடை போட்டு, எடை ஏறாம நிக்கிற புள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை, அதுக்குள்ள எடை தேறிருச்சுன்னா அதோட நிறுத்திருவாங்க. அதனால அக்காவுக்கு கண்ணு எப்பவும் மாசாமாச எடைய கோடா இழுக்குற கார்டுல அந்தக் கோடு எந்தப் பக்கம் போகுதுங்கறது மேலதான். கார்டுல பச்சைன்னா வயசுக்கு ஏத்த எடை, மஞ்சள்னா கொறைவு. “இப்ப பச்சைலதான இருக்குன்னு விட்ராத, போன மாசம் எங்க இருந்துச்சு பாரு”ன்னு சொல்லுவாங்க.

நான் பாத்தனா? பொய் சொல்ல விரும்பல. மாசக் கடைசி ரிப்போர்ட், தடுப்பூசி, பிரசவ கேஸ், மேல இருந்து வர்ற போன், இதுக்கு நடுவுல ரெண்டு மூணு தடவ வீட்ல உக்காந்து எல்லாருக்கும் 200 கிராம் ஏறினதா எழுதினவதான் நானும். ரிஜிஸ்தர்ல அவ்ளோ அழகா ஏறுற புள்ளைங்க நிஜத்துல எந்த ஊர்லயும் கிடையாது.

2011-ல ஒரு பொம்பளப் புள்ள. பதினோரு மாசத்துல 7.1 கிலோ, கார்டுல பச்சைக்குள்ளதான், ஆனா ஓரத்துல. பதினாலு மாசத்துலயும் அதே 7.1, பச்சைய விட்டு மஞ்சளுக்கு வந்துருச்சு. எடை கொறையல, ஆனா வயசு ஏறுதே. கிராம சுகாதார ஊட்டச்சத்து நாள் அன்னைக்கு அம்மாக்காரிய எல்லார் முன்னாடியும் வச்சு புடிச்சிக்கிட்டேன், சத்துமாவு பாக்கெட் வாங்குறியே அத மாட்டுக்கா வைக்கிற, அப்படின்னு. அவ ஒண்ணுமே பேசல, புள்ளைய தூக்கிட்டு போயிட்டா. தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை, அன்னைக்கு ஒரு நாள் கூலிய விட்டுட்டு வந்துருக்கா, அது எனக்கு அப்புறம்தான் உறைச்சுச்சு.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு கர்ப்பிணிய பாக்க காலைல பதினோரு மணி வாக்குல போனேன். எப்பவும் அந்த நேரத்துல நான் அந்த தெருவுக்கு போறதே இல்ல. திண்ணைல அப்பத்தா மடில அந்தப் புள்ள, பக்கத்துல டம்ளர்ல கடை டீ, பன்ன பிச்சு முக்கி ஊட்டிட்டிருக்கு. அது வாய தொறந்து தொறந்து வாங்குது, நல்லாத்தான் சாப்பிடுது! உள்ள போய் பாத்தா சத்துமாவு கஞ்சி சொம்புல அப்படியே இருக்கு. ஆபீஸ் வண்டி வெள்ளனே வந்துரும்னு அம்மாக்காரி அஞ்சு மணிக்கே காய்ச்சி வச்சிட்டு போயிருக்கா, தண்ணி மாதிரி, அதுவும் ஆறிப் புளிச்சு வாடை அடிக்குது.

“ஏன் அப்பத்தா, புதுசா ரெண்டு கரண்டி காய்ச்சிக் குடுக்கலாம்ல”னு கேட்டேன். “கண்ணு தெரியல தாயி, அடுப்ப பத்த வச்சு முந்தாநாள் சேலைல புடிச்சிருச்சு. டீன்னா தெருவுல போற பயக கிட்ட காசு குடுத்தா வாங்கியாந்து குடுத்துருவானுக”ன்னுச்சு. கண்ண பாத்தேன், ரெண்டுலயும் புரை, வெள்ளையா.

எனக்கு வெக்கமா போச்சு. கார்டு, தராசு, பாக்கெட் எல்லாம் சரியா போய் சேந்துருக்கு, ஆனா பகல்ல அந்தப் புள்ள யார் கைல இருக்குன்னு பதினஞ்சு வருஷத்துல நான் ஒரு அம்மாகிட்டயும் ஒழுங்கா கேட்டதில்ல. “புள்ள நல்லா சாப்பிடுதா”ன்னு கேப்பேன், “சாப்பிடுதுக்கா”ன்னு சொல்லுவாங்க, முடிஞ்சது. ஒரு வயசுப் புள்ளைக்கு வயிறு ஒரு டம்ளர் அளவு இருந்தாலே பெருசு, அதுல டீயும் பன்னும் போனா அப்புறம் எதுக்கு எடம். போதாததுக்கு டீ சாப்பாட்டுல இருக்கிற இரும்புச்சத்த ஒடம்புல சேர விடாது. தேசிய குடும்ப நல சர்வேல நம்ம மாநிலத்துல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வயசு வரைக்கும் உள்ள புள்ளைகள்ல ரத்தசோகை 2015-16-ல நூத்துக்கு 51, அடுத்து 2019-21-ல 57. அத படிச்சப்ப எனக்கு அந்த டம்ளர்தான் ஞாபகம் வந்துச்சு. டீ ஒண்ணுதான் காரணம்னு சொல்ல வரல, ஆனா எந்த ரிஜிஸ்தர்லயும் டீய எழுத ஒரு கட்டம் கிடையாது.

அப்பத்தாவ கண் ஆபரேஷன் கேம்ப்புக்கு அனுப்ப மூணு வாரம் ஆச்சு, பயந்துச்சு, மகன்காரன் லீவு இல்லன்னான், கடைசில நானே பஸ் ஏத்திவிட்டேன். அதுவரைக்கும் பால்வாடி ஆயா பத்து மணிக்கு அந்த வீட்டுக்கு போய் ஒரு கிண்ணம் கெட்டியா கிண்டி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு குடுத்துட்டு வந்துச்சு, அது அவங்க டியூட்டியே இல்ல. கரண்டிய சாய்ச்சா வழியக்கூடாது, அதான் பதம். தோஷம்னு மந்திரிச்சு கயிறு கட்டியிருந்தாங்க, அத நான் அவுக்க சொல்லல, கயிறும் இருக்கட்டும் முட்டையும் குடுங்கன்னேன். ஒரு கண்ணு தெரிஞ்சதும் அப்பத்தாவே அடுப்படிக்கு போயிருச்சு. ஒரு கிண்ணம் குடுத்தா செவுத்துல கரிக்கட்டையால ஒரு கோடு, சாயங்காலம் மருமக வந்து எண்ணிப் பாக்கணும்னு அதுவா கண்டுபுடிச்ச கணக்கு.

ரெண்டு மாசத்துல 600 கிராம் ஏறுச்சு. இன்னும் மஞ்சள்தான், ஆனா கோடு மேல பாத்து திரும்பிருச்சு. அம்மாக்காரி என்கிட்ட சிரிக்க ஆரம்பிச்சதே அந்த மாசம்தான், மன்னிப்பு கேக்க எனக்கு அப்பவும் வாய் வரல.

தை முடிஞ்சதும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் புள்ளைய தூக்கிட்டு திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு போயிட்டாங்க. அங்க போன ஒடனே பக்கத்து அங்கன்வாடில காட்டுன்னு கார்ட பாலிதீன் கவர்ல போட்டு குடுத்துவிட்டேன், காட்டினாளோ என்னமோ. அப்பத்தாவ கூட்டிட்டு போகல, ரூம் சின்னதாம். செவுத்துல அந்த கரிக்கோடு அடுத்த பொங்கலுக்கு வெள்ளை அடிக்கிற வரைக்கும் இருந்துச்சு.