பையன்கள் குழுவில் இறையழைத்தல்: கையைத் தூக்கச் சொல்லாதீர்கள்

“உங்களில் யாருக்கு ஃபாதர் ஆக ஆசை? கையைத் தூக்குங்கள்.” குருத்துவத்துக்கோ துறவுக்கோ கடவுள் விடுக்கும் அழைப்பை (இறையழைத்தல்) பற்றிப் பேசும்போது, கத்தோலிக்கப் பங்கின் பையன்கள் குழுவில் இந்தக் கேள்வியை மட்டும் கேட்காதீர்கள். 13 வயதில் தூக்கிய கையை அவனால் பிறகு இறக்க முடியாது. அடுத்த ஞாயிறே ‘குட்டிச் சாமியார்’ என்று பெயர் விழும், வீட்டுக்குச் செய்தி போகும், பாட்டி கண் கலங்குவார். 16 வயதில் மனம் மாறினால் கடவுளையே ஏமாற்றிவிட்டதாக நினைத்துக் குழுவுக்கு வருவதையே நிறுத்திவிடுவான். உள்ளுக்குள் உண்மையாகவே ஏதோ அசைவை உணர்ந்த பையனோ பெரும்பாலும் கையைத் தூக்கியிருக்கவே மாட்டான்.

திருச்சபைச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. வாழ்க்கை நிலையைத் தேர்ந்துகொள்வதில் எந்த வற்புறுத்தலுக்கும் ஆளாகாமல் இருப்பது எல்லா விசுவாசிகளின் உரிமை என்கிறது எண் 219. திருப்பட்டம் (குருவாகவோ திருத்தொண்டராகவோ திருநிலைப்படுத்துவது) பெறும்படி யாரையும், எந்த விதத்திலும், எந்தக் காரணத்துக்காகவும் கட்டாயப்படுத்துவதை எண் 1026 முற்றிலும் தடுக்கிறது. வளர்ந்தவர்களுக்கே இவ்வளவு காவல் என்றால், 13 வயதுக்காரனிடம் நாம் எவ்வளவு மெதுவாகப் பேச வேண்டும்!

குழுவின் முதல் வேலை பையன்களுக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுப்பது. மனப்பாட ஜெபங்கள் அவர்களுக்குத் தெரியும். அமைதியாக உட்காரத்தான் தெரியாது. முதல் மாதம் 3 நிமிட அமைதி போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் ஒரு கல்வியாண்டுக்குள் 10 நிமிடத்தை எட்டிவிடலாம். தொடக்கத்தில் யாராவது சிரிப்பார்கள், இன்னொருவனுக்குத் தொற்றும். அப்போது அதட்டினால் அமைதி என்பது தண்டனை என்று அவர்கள் மனத்தில் பதிந்துவிடும். சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். கண்ணுக்கு ஒரு பிடிமானம் வேண்டும்: எரியும் ஒரு மெழுகுவத்தி, அல்லது அன்றைய நற்செய்தியிலிருந்து ஒரே ஒரு வரி எழுதிய சீட்டு.

நற்செய்தி வாசிப்புக்கு 25 நிமிடம் ஒதுக்குங்கள். ஒரு பையன் வாசிக்கட்டும், சிறிது இடைவெளி விட்டு இன்னொருவன் அதே பகுதியை மறுபடி வாசிக்கட்டும். மனத்தில் தங்கிய ஒரு சொல்லையோ சொற்றொடரையோ விரும்புகிறவர்கள் மட்டும் சொல்லலாம். பிறர் சொன்னதற்கு யாரும் கருத்துச் சொல்லக்கூடாது, அனிமேட்டர் (குழுவை நடத்துகிறவர்) உட்பட. இந்த ஒரு விதியைக் காப்பாற்றத் தவறிய குழுக்களில் இரண்டாவது மாதமே நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று பேர் மட்டும் பேசிக்கொண்டிருப்பார்கள். மாற்கு 10-ஆம் அதிகாரம் இந்த வயதுக்கு நல்ல தொடக்கம். செல்வரான மனிதர் வருத்தத்தோடு திரும்பிப் போவதும், பார்வையற்ற பர்த்திமேயு மேலுடையை எறிந்துவிட்டு ஓடி வருவதும் அந்த ஒரே அதிகாரத்தில் இருக்கின்றன. இயேசு அந்தச் செல்வரை அன்போடு கூர்ந்து பார்த்தார், ஆனால் பின்னால் ஓடிப் பிடித்து இழுக்கவில்லை என்பதைப் பையன்கள் தாங்களாகவே கவனிப்பார்கள்.

இரவில் செய்ய ஆன்ம ஆய்வைக் கற்றுக்கொடுங்கள். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த வரிசை இது: நன்றி சொல்வது, ஒளி கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்குத் தீர்மானம் எடுப்பது. ஐந்துக்கும் சேர்த்து 7 நிமிடம் போதும். நன்றி முதலில் வருவதைக் கைவிடாதீர்கள். பையன்கள் நேராகப் பாவக் கணக்குக்குத் தாவுவார்கள், ஒரு வாரத்தில் சலித்துவிடும். எதைச் செய்தாலும் பாவமோ என்று தவிக்கிற பையனுக்கு எழுதி வைக்கும் பழக்கம் வேண்டாம். பாவ அறிக்கை கேட்கும் நிலையான ஒரே ஒப்புரவுக் குருதான் அவனுக்கு மருந்து. மற்றவர்கள் சிறு நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதலாம்: இன்று மனத்துக்கு உயிர் தந்தது எது, மனத்தை வறட்டியது எது. ஆறு மாதம் கழித்து அவனே படித்துப் பார்க்கட்டும். நோட்டை வேறு யாரும் கேட்கக்கூடாது.

இந்த வயதில் ஆர்வம் அதிகமானால் ஒறுத்தலும் (உடலை வருத்திக்கொள்வதும்) எல்லை மீறும். தொமினிக் சாவியோ குருவாகும் ஆசையோடு 1854-இல் தூரின் நகரில் பையன்களுக்கான இல்லம் நடத்திய குரு தொன் போஸ்கோவிடம் வந்து சேர்ந்தார். படுக்கையில் கற்களைப் போட்டுப் படுத்தது தெரிந்ததும் தொன் போஸ்கோ அதைத் தடுத்தார். வெயிலையும் குளிரையும் அன்றாடக் கடமைகளையும் மகிழ்ச்சியோடு ஏற்பதே போதும் என்றார். சாவியோ 1857-இல், 14 வயதில் இறந்தார், 1954-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். குருமடத்துக்குள் அவர் காலடி வைக்கவே இல்லை. குருத்துவ ஆசையுள்ள பையன்களுக்கு இதை அவசியம் சொல்ல வேண்டும்.

எது உண்மையான அழைப்பு என்று கண்டறிவதில் (தேர்ந்து தெளிதல்) துணைநிற்பவருக்கு 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தைவிட நல்ல பாடம் கிடையாது. சாமுவேல் மூன்று முறை ஓடி வந்த பிறகே ஏலிக்கு விஷயம் புரிகிறது. புரிந்ததும், கடவுள் என்ன சொல்லப்போகிறார் என்று அவர் ஊகித்துச் சொல்லவில்லை. எப்படிப் பதில் சொல்வது என்று மட்டும் கற்றுக்கொடுத்துத் திரும்பப் படுக்க அனுப்புகிறார். இஞ்ஞாசியாரும் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்ற தம் நூலின் 15-ஆம் குறிப்பில், வழிநடத்துகிறவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள்போல் நடுவில் நிற்க வேண்டும் என்கிறார். குருவாகும்படி தூண்டுவது மட்டும் சாய்வு ஆகாது. நல்ல மாணவனைப் பார்த்து “உனக்கு எதற்கு இதெல்லாம்” என்பதும் சாய்வுதான்.

அதே நூலின் 14-ஆம் குறிப்பு நம் முகாம்களுக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது: ஒருவர் மிகுந்த ஆறுதலிலும் உற்சாகத்திலும் இருக்கும்போது அவசரப்பட்டு வாக்குறுதி கொடுக்க விடாதீர்கள். முகாமின் கடைசி இரவில் நற்கருணை ஆராதனை, பாடல், கண்ணீர் எல்லாம் இருக்கும். அவை நல்லவைதான். அந்த இரவில் விண்ணப்பப் படிவத்தை நீட்டுவதுதான் தவறு. நான்கு வாரமாவது போகட்டும். வீட்டுப் பாடமும் தம்பியோடு சண்டையுமாகக் கழிகிற ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையிலும் அந்த ஆசை தானாகத் திரும்பி வருகிறதா, வந்தால் அமைதி தருகிறதா என்று பாருங்கள். இதன் மறுபக்கமும் உண்டு. ஆன்ம வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த நல்ல தீர்மானத்தை மாற்றாதே என்பது இஞ்ஞாசியாரின் புகழ்பெற்ற விதி. தேர்வில் தோற்ற வாரத்தில் “எனக்கு அழைப்பே இல்லை” என்று வருகிறவனிடம் இந்த விதியைச் சொல்லி, ஒரு மாதம் கழித்துப் பேசலாம் என்று அனுப்புங்கள்.

ஆசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது பொறுமையான வேலை. அம்மாவின் நேர்ச்சை இருக்கலாம். வீட்டுச் சண்டையிலிருந்து தப்பிக்கும் வழியாக இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட குருவின் மீது வைத்த வியப்பு, திருவுடையின் அழகு, மேடைப் பேச்சின் கவர்ச்சி எதுவும் இருக்கலாம். இவற்றில் எதுவும் அழைப்பே இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. பல நல்ல குருக்களின் தொடக்கம் இப்படிக் கலவையாகத்தான் இருந்திருக்கும். காலப்போக்கில் அது தெளிகிறதா என்பதே கேள்வி. தனிப்பேச்சில் “சாமியார் ஆவாயா?” என்று கேட்பதை விட்டு, “குருவாக உன்னைக் கற்பனை செய்தால், ஒரு வேலை நாள் மதியம் மூன்று மணிக்கு என்ன செய்துகொண்டிருக்கிறாய்?” என்று கேளுங்கள். பீடத்தைத் தவிர வேறெதுவும் அவன் கண்ணில் தெரியவில்லை என்றால், நோயாளிகளைச் சந்திக்கப் போகும்போது அவனையும் கூட்டிப் போங்கள். திரும்பி வரும் வழியில் என்ன உணர்ந்தான் என்று கேளுங்கள். பல மாதத் தியானத்தில் தெரியாதது அந்த அரை மணியில் தெரியும்.

திருமணத்தையும் அதே குழுவில் அழைத்தலாகப் பேச வேண்டும். ஒரு நல்ல தம்பதியரை அழைத்துப் பேச வையுங்கள். நல்லது என்று தெரிந்த ஒன்றை விரும்பிக் கைவிடுவதுதான் மணத்துறவு. “எனக்குப் பெண்களைப் பற்றி நினைப்பே வந்ததில்லை” என்பதை இறையழைத்தலின் அடையாளமாக எடுத்துக்கொள்வது பெரிய பிழை. குருத்துவத்திலும் வேறுபாடுகளைப் பையன்கள் குழப்பிக்கொள்கிறார்கள். மறைமாவட்டக் குரு மணத்துறவையும் ஆயருக்குக் கீழ்ப்படிதலையும் வாக்களிக்கிறார், ஏழ்மை வார்த்தைப்பாடு (கடவுளுக்குத் தரும் வாக்குறுதி) எடுப்பதில்லை. துறவியர் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்று வார்த்தைப்பாடுகளையும் எடுக்கிறார்கள். திருப்பட்டம் பெறாத துறவுச் சகோதரர்களை நாம் மறந்தே போகிறோம். வருடத்துக்கு ஒரு முறையாவது அவர்களில் ஒருவரைப் பேச அழையுங்கள்.

அவசரம் வேண்டாம் என்பதற்கு வயதுக் கணக்கே போதும். 17 வயது நிறையாதவரை நவதுறவில் (துறவு சபையின் தொடக்கப் பயிற்சிக் காலம்) சேர்த்தால் அது செல்லாது. நவதுறவு குறைந்தது 12 மாதம். முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயதும், நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21 வயதும் நிறைய வேண்டும். குருவாகப் போகிறவர் திருத்தொண்டராக (குருத்துவத்துக்கு முந்தைய படி) 23 வயதும், குருவாக 25 வயதும் நிறைய வேண்டும். மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு ஆண்டுகள், அதற்கு முன் ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை முன்தயாரிப்புக் காலம். இவ்வளவு நீண்ட பாதையில் நடுவே வீடு திரும்புகிறவர் தோற்றவர் இல்லை. தேர்ந்து தெளிதல் தன் வேலையைச் செய்திருக்கிறது. அவருக்குக் குழுவில் பழைய இடம் காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். கூட்டத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும். தனிப்பேச்சு பிறர் கண்ணில் படும் இடத்தில்தான், பேச்சு காதில் விழாத தூரத்தில். முகாமில் பெரியவர்கள் பையன்களோடு ஒரே அறையில் தூங்கக்கூடாது. இரவு நேரத் தனிச் செய்திகள், ஒருவனுக்கு மட்டும் பரிசு, “இது நமக்குள் இருக்கட்டும்” என்ற பேச்சு மூன்றுமே அபாய அறிகுறிகள், பேசுகிறவர் குருவானாலும் சரி. ஒரு பையன் துன்புறுத்தலைப் பற்றிச் சொன்னால் ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்காதீர்கள். உரிய அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். மீற முடியாத ரகசியம் ஒப்புரவு அருளடையாளத்தின் முத்திரைக்கு (பாவ அறிக்கையில் கேட்டதைக் குரு வெளியே சொல்லாமை) மட்டுமே உரியது. என்ன பாவம் சொன்னாய் என்று அனிமேட்டர் கேட்கவே கூடாது. திருப்பட்டத்துக்கு ஏற்பதா, வெளியே அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போதுகூட ஆன்ம வழிகாட்டியின் கருத்தையோ ஒப்புரவுக் குருவின் கருத்தையோ கேட்கக்கூடாது என்கிறது திருச்சபைச் சட்டத்தின் எண் 240. பையன்கள் மனம் திறப்பது இந்த வேலியை நம்பித்தான்.

17 வயதுக்காரன் ஒருவன் ஓராண்டாக அதே ஆசையோடு இருக்கிறான், பெற்றோருக்கும் தெரியும் என்றால், அப்போது பங்குத்தந்தை வழியாக மறைமாவட்ட இறையழைத்தல் பொறுப்பாளரிடமோ துறவு சபையிடமோ தொடர்பு ஏற்படுத்துங்கள். ஒரே இடத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், குறைந்தது இரண்டு இல்லங்களில் சில நாள் தங்கிப் பார்க்கட்டும். திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களைக் கேட்பார்கள், அவற்றை முன்பே எடுத்து வைக்கட்டும். பள்ளிப் படிப்பை இடையில் விட அனுமதிக்காதீர்கள். போகும் நாள் குறித்துவிட்டது என்பதற்காகப் பொதுவில் அறிவித்து மாலை போடாதீர்கள். முந்தின நாள் அவன் வேண்டாம் என்றாலும், யாருக்கும் விளக்கம் சொல்லாமல் அடுத்த கூட்டத்துக்கு வந்து உட்காரும்படி இருக்க வேண்டும்.