வடக்குச் சன்னல் அறை

ஜூன் 3, செவ்வாய்
அண்ணனை வீட்டுக்கு எப்போது அனுப்புவார்கள் என்று மருத்துவர் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் சின்ன அறையை எங்கள் இருவருக்குமான ஓவிய அறையாக்கிவிட வேண்டும். அண்ணனின் நீர்வண்ணத்துக்கு ஒரு மேசை, என் எண்ணெய் வண்ணத்துக்கு ஓவியத் தாங்கி, இவற்றுக்கு நடுவே அவருடைய ஆக்சிஜன் கருவிக்கும் இடம் விட வேண்டும்.

ஜூன் 5, வியாழன்
சன்னல் வடக்கு பார்த்தது. ஐரோப்பியப் பாடநூல்கள் வடக்கு ஒளியைப் போற்றுவதற்குக் காரணம், அங்கே உச்சிச் சூரியன் எப்போதும் தெற்கில் நிற்பதால் வடக்குப் பக்கத்து வெளிச்சம் நாளெல்லாம் சீராக இருப்பதுதான். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரிலோ மார்ச் இறுதியிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதிவரை நண்பகல் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது. மேசைக்கென்று நான் ஒதுக்கிய மூலையில் இன்று காலையிலேயே வெயில் விழுந்தது. அங்கே உட்கார்ந்து அண்ணன் வானம் தீட்டினால், நீலம் பரவி முடிவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். மேசையை உட்சுவர்ப் பக்கம் மாற்றி, சன்னலுக்கு மெல்லிய வெள்ளைத் திரை போட்டேன்.

ஜூன் 6, வெள்ளி
தொலைபேசியில் அண்ணனின் குரல் தெளிவாக இருந்தது.

ஜூன் 9, திங்கள்
இன்று முழுவதும் காற்றைப் பற்றிய கவலைதான். ஈரப்பதம் அடிக்கடி 80 விழுக்காட்டைத் தாண்டும் இந்த ஊரில் அண்ணனின் தடித்த பருத்தித் தாள்களில் பூசணம் பிடிக்காமல் இருக்க, சன்னலை அடைத்து ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தை ஓடவிட வேண்டும். எண்ணெய் வண்ணத்தை இளக்க நான் பயன்படுத்தும் டர்பென்டைனின் ஆவி வெளியேறவோ சன்னல் திறந்தே இருக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணி குவிந்து கிடந்தால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். ஆக்சிஜன் ஓடும் அறையில் அதை நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. இவற்றை வீட்டுக்கு வெளியே பொதுநடைபாதையில் வைக்கலாமா என்றால், தப்பிச் செல்லும் வழி 1.2 மீட்டர் திறந்திருக்க வேண்டும், எரியக்கூடிய பொருள்களையும் அங்கே சேர்த்து வைக்கக்கூடாது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டர் என்ற காப்பறையில் காற்றோட்டமே குறைவு. இடம் போதாது என்றல்லவா இத்தனை நாளும் கவலைப்பட்டேன்! சுவரோரம் சுவரோரமாக எதையும் அடுக்கிவிடலாம். மூச்சைப் பங்கிட முடியாது.

ஜூன் 10, செவ்வாய்
டர்பென்டைன் புட்டிகளைத் தோழியின் பட்டறைக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். பிராஸ் பசா காம்ப்ளெக்சில் நீரிலேயே கரைத்துத் தீட்டக்கூடிய அக்ரிலிக் வண்ணங்கள் வாங்கினேன். குளிரூட்டிய அறையில் அவை நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால், தட்டில் ஈரப் பஞ்சை விரித்து, அதன்மேல் பேக்கிங் தாளைப் பரப்பி வண்ணம் எடுக்கிறேன். நேற்றுப் பூசிய வண்ணத்தை இன்று விரலால் இழைத்து மென்மையாக்கும் சுகம் இதில் கிடையாது. அதை இழப்பது எனக்கு வலிக்கிறது.

ஜூன் 12, வியாழன்
நான் எண்ணெய் வண்ணத்தை விட்ட செய்தி எப்படியோ அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது. “எனக்காக உன் வண்ணத்தை விட்டுவிடாதே, பாப்பா,” என்றார். “வந்து பாருங்கள் அண்ணா,” என்பதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை.

ஜூன் 14, சனி
திங்கட்கிழமை அழைத்துப் போகலாம் என்கிறார்கள். மேசைக்கு மேலே பகல்வெளிச்ச நிறத்தில் எரியும் எல்இடி விளக்கைப் பொருத்தியாயிற்று. கருவியின் குழாய் மேசைவரை எட்டுமா என்று நாளை அளந்து பார்க்க வேண்டும்.