உப்பு போனால்தான் பெயிண்ட் நிற்கும்: கார் ரிம்முக்கு நானே ஸ்பிரே அடித்த அனுபவம்

எங்கள் வீடு மண்டபத்தில். கார் பழைய ஆல்டோ, 12 அங்குல இரும்பு ரிம். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் பாம்பன் பாலம் ஏறி அரிச்சல்முனை வரைக்கும் கூட்டிப்போய்க் காட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். முகுந்தராயர் சத்திரம் தாண்டிவிட்டால் இரண்டு பக்கமும் கடல், ரோட்டில் மணல், காற்றிலேயே உப்புச் சாரல். நாலு வருஷம் அப்படி ஓடிய பிறகு ஒருநாள் வீல் கப்பைக் கழற்றிப் பார்த்தால், ரிம் முழுக்கச் செதில் செதிலாகத் துரு.

முதல் தடவை ஐப்பசியில் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போர் தண்ணீரில் கழுவி, உப்புத்தாளால் மேலாகத் தேய்த்து, சில்வர் ஸ்பிரே அடித்தேன். அன்றைக்குப் பார்க்கப் புது ரிம் மாதிரி இருந்தது. தை பிறப்பதற்குள் அம்மை போட்டது போலக் கொப்புளம் கிளம்பிவிட்டது.

எங்கள் தெருவில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குத்தவைத்து உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு கொப்புளத்தைக் கீறினார். உள்ளேயிருந்து டீ நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. அதை விரலில் தொட்டு நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்பினார்.

“தம்பி, எதுல கழுவுன?”

“போர் தண்ணியிலதாண்ணே.”

“அதான். உப்ப உள்ள வச்சுப் பூட்டியிருக்க. அது சும்மா இருக்குமா?”

விஷயம் அவ்வளவுதான். எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். பெயிண்ட் படலம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்து வைக்கும், பெயிண்டைத் தூக்கும், கீழே இரும்பைத் தின்னும். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க ஒரு நிலையத்தை எங்கள் மண்டபத்தில் வைத்திருப்பது சும்மா இல்லை. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டிருக்கிறது. இந்தக் காற்றில் என் ரிம் மட்டும் தப்பிக்குமா?

அடுத்த முயற்சிக்கு மாசி வரை காத்திருந்தேன். வாடைக் காற்று ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று இன்னும் எழும்பாத நாட்கள் அவை. கொல்லையில் பனை ஓலைத் தட்டியை மூன்று பக்கமும் கட்டி, தரையில் தண்ணீர் தெளித்து மணல் பறக்காமல் பார்த்துக்கொண்டேன். ஸ்டெப்னியில் ஆரம்பித்தேன். அது முடிந்ததும் அதைக் காரில் மாட்டிவிட்டு, கழற்றிய சக்கரத்தை எடுத்துக்கொண்டேன். இப்படி ஒவ்வொன்றாகப் போனதால் காரை ஜாக்கியில் நிறுத்தி வைக்கவே வேண்டியிருக்கவில்லை. கழற்றும்போது மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கார் தரையில் நிற்கும்போதே நட்டுகளை ஒரு சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் ஜாக்கி போட வேண்டும்.

கழுவுவதற்குத்தான் அதிக நேரம் ஆனது. ஒரு ரிம்முக்கு அரை நாள். முதலில் சோப்பும் போர் தண்ணீரும், கெட்டி பிரஷ்ஷும். ரிம்மின் பின்பக்கம் மணலும் ப்ரேக் தூசியும் சேர்ந்து பட்டி பூசியது போல இறுகிக் கிடந்தது, குச்சியால் குத்தித்தான் பெயர்த்தேன். பிறகு கம்பி பிரஷ், 80 நம்பர் உப்புத்தாள், 180, 320. பழைய கொப்புளம் இருந்த இடமெல்லாம் வெள்ளை இரும்பு தெரியும் வரை தேய்த்தேன். தேய்த்தபின் மறுபடி கழுவ வேண்டும், ஏனென்றால் துருவின் குழிகளுக்குள் உப்பு ஒளிந்திருக்கும். இந்தக் கடைசிக் கழுவலுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றினேன். குடிக்கிற தண்ணீரை இதற்கு ஊற்ற மனசு வரவில்லைதான். வேறு வழியும் இல்லை. ஒரு ரிம்முக்கு ஒரு குடம் என்று அளந்துகொண்டேன். காய்ந்ததும் வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். ஸ்டெப்னியில் ஓரமாக வெள்ளையாய் உப்புப் பூத்திருந்தது, அதை மட்டும் இன்னொரு தடவை கழுவினேன்.

சொரசொரப்பாக மிஞ்சிய துருவுக்கு, துருவைக் கெட்டிப்படுத்தும் ரஸ்ட் கன்வெர்ட்டர் திரவத்தைத் தடவினேன், அது கறுத்து இறுகியது. டப்பாவில் எழுதியிருந்தபடி காயவிட்டு, அப்புறம் தின்னர் நனைத்த துணியால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தேன்.

டயர் மேல் படாமலிருக்கப் பழைய கல்யாணப் பத்திரிகைகள். காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டால் ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் அட்டை சுலபமாக நுழையும். ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி சுற்றிச் செருகினேன். காற்று வால்வுக்கு டேப். நட்டு உட்காரும் நாலு சரிவுக் குழிகளிலும் மகனின் கோலிக்குண்டுகளை வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தன. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நட்டு உட்காரும் இடத்திலும், ரிம் ஹப்போடு (காரில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் பின்முகத்திலும் பெயிண்ட் தடித்து நின்றால், ஓட ஓட அது நசுங்கி நட்டு தளர்ந்துவிடும். பின்முகத்தையும் டேப் ஒட்டி மறைத்தேன்.

நேரம் காலை 10 மணிக்கு மேல், 1 மணிக்குள். அதற்கு முன்னால் இரும்பில் பனி ஈரம் இருக்கும், அதற்குப் பின்னால் கடல் காற்று ஏறிவிடும். ஐப்பசியில் சாயங்காலம் அடித்தபோது சில்வர் மேலே பால் ஊற்றியது போல மங்கலாகப் படிந்ததற்கும் ஈரம்தான் காரணம். ஸ்பிரேயின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதில் படிகிறது.

டப்பாவுக்குள் இருக்கும் குண்டு ஆட ஆரம்பித்த பிறகும் முழுசாக இரண்டு நிமிஷம் குலுக்கினேன். ரிம்முக்கும் டப்பாவுக்கும் ஒரு சாண் இடைவெளி. ரிம்முக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, கை நகர்ந்தபடியே மறுபக்கம் வெளியே போய்த்தான் விடவேண்டும். நடுவில் நின்றால் அந்த இடம் வடிந்துவிடும். ப்ரைமர் (அடிப்பூச்சு) இரண்டு கோட், சில்வர் மூன்று, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) இரண்டு. முதல் கோட் அடித்தால் அடித்த மாதிரியே தெரியக்கூடாது, வெறும் தூவல்தான். கோட்டுக்கு நடுவே 10 நிமிஷம் விட்டேன். நான் வாங்கிய டப்பாவில் மறு கோட் ஒரு மணி நேரத்துக்குள், இல்லையென்றால் ஒருநாள் கழித்து என்று போட்டிருந்தது. அதை மீறினால் அடிக்கோட் சுருங்கிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். மூக்குக்கு வெறும் துணி போதாது, பெயிண்ட் வேலைக்கான கரி ஃபில்டர் மாஸ்க்கையே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஐந்து ரிம்முக்கும் சேர்த்து 400 மில்லி டப்பாவில் ப்ரைமர் 2, சில்வர் 3, கிளியர் 2 ஆனது. ஒவ்வொன்றையும் முழுசாக ஒருநாள் காயவிட்டு, காற்றைச் சரியான அளவுக்கு ஏற்றி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கினேன். எல்லாம் முடிந்ததும் ராமநாதபுரம் போய்த் திரும்பினேன். போய்வர 70 கிலோமீட்டருக்கு மேல். வந்ததும் இன்னொரு முறை ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது.

ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. நாலு ரிம்மில் கொப்புளம் ஒன்றுகூட இல்லை. வலது பின்சக்கரத்தில் மட்டும், ஸ்பேனர் நழுவிச் சுரண்டிய இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் துரு தெரிகிறது. சில்வர் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மீதி இருக்கிறது. காவிரித் தண்ணீர் ஒரு குடம் பிடித்து வைத்துவிட்டேன், காற்று அடங்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.